செவ்வாயும் வாங்க, சனியும் வாங்க

நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லையே தவிர, ஆஸ்பத்திரி என் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சோழவந்தானிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். பத்து வருடமாகக் கண் அழுத்தத்துக்கு எங்களிடம் மருந்து வாங்குகிறவர்.

“சார், ஒங்க ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் வந்திருக்கு. மருமக படிச்சுச் சொன்னா, அப்பாயின்ட்மென்ட்ட ஃபார்வர்டு பண்ணிட்டாகளாம். நா முந்திப் போகணுமா, பிந்திப் போகணுமா?”

“தேதி போட்டிருக்காம்மா?”

“போட்டிருந்தா ஒங்களுக்கு எதுக்கு சார் போன் போடுறேன்?”

நியாயமான கேள்வி. இப்போது ரிசப்ஷனில் என் நாற்காலியில் இருக்கும் நித்யாவிடம் கேட்டேன். “அந்த மெசேஜெல்லாம் கம்ப்யூட்டர் தானா அனுப்புதுண்ணே. எங்களுக்கே பாதி நேரம் வெளங்கல. நீங்க முப்பத்தஞ்சு வருசம் எப்படிண்ணே சமாளிச்சீக? எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுவோம்” என்றாள். நான் சமாளித்ததாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நான் பத்தாவது வரை படித்தவன். இருபத்து மூன்று வயதில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு நீள ரிஜிஸ்டரையும், நூலில் கட்டிய ரப்பரையும் என் கையில் கொடுத்து, “பென்சில்ல எழுது. ஆள் வந்து சேந்தப்புறம் பேனா” என்று சொல்லிவிட்டு அன்று மாலையே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

சேர்ந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது, பென்சிலைவிட ரப்பருக்குத்தான் அந்த வேலையில் உழைப்பு அதிகம் என்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்தால் சர்க்கரை ஏறியிருக்கும். சர்க்கரை இறங்கினால் லென்ஸ் வந்திருக்காது. லென்ஸ் வந்தால் அமாவாசை கழியட்டும் என்பார்கள். வருகிறவர்களில் தேதி சொல்கிறவர் அபூர்வம். “கருது அறுத்துட்டு வாரோம்”, “மூத்தவ வளைகாப்பு முடியட்டும்”, “வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, நடவு போட்டுட்டு வாரேன்” என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். என் ரிஜிஸ்டரைப் புரட்டினால் கண் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் மாதிரியே இருக்காது. சுற்றுவட்டாரத்து நல்லது கெட்டது எல்லாம் அதில் இருக்கும். பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தபோதும் அந்த ரிஜிஸ்டரை நான் விடவில்லை.

என்னிடம் ஒரு குறை உண்டு. கூச்சம். மினிபஸ்ஸில் “இறங்கணும்” என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது இறங்கித் திரும்ப நடந்து வந்தவன் நான். போனில் பேசும்போதுகூட எழுந்து நின்றுவிடுவேன். ஒருவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன். ஒன்றைக் கேட்கத்தான் வாய் வராது.

பெரிய டாக்டர் இருந்தவரை இது தொந்தரவாக இல்லை. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் அவர். கேள்விக்கே இடம் வைக்க மாட்டார். நேரே என் மேஜைக்கு வந்து ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, ஒரு பெயர்மேல் விரலை வைப்பார். “இந்தாள எடுத்து, இங்க போடு” என்று ஆளையே தூக்கி வைப்பது போல இன்னொரு பக்கத்தில் விரலைக் குத்துவார். இருபது வருடம் அந்த ஒரு விரலை நம்பியே காலம் ஓடிவிட்டது.

பிறகு அவருடைய மகன் இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். விழித்திரை ஆபரேஷனில் கெட்டிக்காரர். தலை பாதி நரைத்திருந்தாலும் எங்களுக்குச் சின்ன டாக்டர். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. தன் சொந்த அறைக்குள் நுழையும்போதே கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார். மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கு இரண்டு ப்ளீஸ், நிறுத்தியதற்கு ஒரு தேங்க்யூ. யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக, சொல்ல வேண்டியதை மஞ்சள் நிற ஒட்டுக் காகிதத்தில் எழுதி என் மேஜையில் ஒட்டிவிட்டுப் பூனை போலப் போய்விடுவார். டாக்டர் கையெழுத்து என்று அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் எழுத்தும் முத்து. படித்து முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாது.

ஒரு நாள் ‘ப்ரிங் ஃபார்வர்டு’ என்று இருக்கும். ஒரு நாள் ‘புஷ் பேக்’. இன்னொரு நாள் ‘மூவ் அப்’. எல்லாம் நோயாளிகளின் நாளை மாற்றச் சொல்வது என்பது மட்டும் எனக்குப் புரியும். எந்தப் பக்கம் என்பதுதான் சிக்கல். ஒரு நாளைச் சீக்கிரமாக்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை ‘ப்ரீபோன்’. அதை ஒருநாள் தைரியமாகச் சொல்லிப் பார்த்தேன். சின்ன டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, “அப்படி ஒரு வார்த்தைய நான் அங்க கேள்விப்பட்டதே இல்லையே சுந்தரம்” என்றார். மதுரை முழுக்கப் புழங்குகிற வார்த்தை இங்கிலாந்துக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு இருந்த ஒரு பிடியும் போயிற்று.

ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்துக்கொண்ட ஜாபர் பாயிடம்தான் ரகசியமாக விசாரிப்பேன். முனிச்சாலைப் பக்கத்துக்காரர். என்னோடு சேர்ந்தவர் என்பதால் மாப்ள என்பார்.

“இதுல என்ன மாப்ள குழப்பம்? பஸ்ஸு முன்னாடி போனா எந்த ஸ்டாப்பு வரும்? அடுத்த ஸ்டாப்பு. அப்ப ஃபார்வர்டுன்னா நாள் தள்ளிப் போச்சுன்னு அர்த்தம்.”

கண்ணாடிப் பிரிவில் இருந்த கிருஷ்ணாராம் உடனே குறுக்கே வந்தார். “பாய், ரேஷன் கடை வரிசையில முன்னாடி போனா சீனி சீக்கிரம் கெடைக்குமா, லேட்டாக் கெடைக்குமா?”

“சீனி இருந்தாத்தானே கெடைக்கும்?”

“அத விடுங்க. சீக்கிரமா, லேட்டா?”

பாய் யோசித்தார். “மாப்ள, ரெண்டும் சரியாத்தான் இருக்கு. நீ டாக்டர்ட்டயே கேட்டுரு.”

அதுதானே என்னால் முடியாது. அந்த மனிதர் அத்தனை மரியாதையாக எழுதியிருக்கும்போது, எனக்குப் புரியவில்லை என்று போய் நின்றால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வியாழக்கிழமை இரண்டு நாள் நகர்ந்தால் ஒன்று செவ்வாய், அல்லது சனி. ஆக, எல்லோருக்கும் போன் போட்டு, “செவ்வாயும் வாங்க, சனியும் வாங்க” என்று சொல்லிவிடுவது. எந்த நாள் சரியோ அந்த நாளில் ஆபரேஷன். தப்பான நாளில் வந்தவர்களுக்கு அழுத்தம் பார்த்து, சொட்டு மருந்து விட்டு, ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் இரண்டு தரம் அலைய வேண்டும் என்பது எங்கள் ஜனங்கள் ஒப்புக்கொண்ட விஷயம். டாக்டர்தான் ஆச்சரியப்பட்டார். “வரச் சொல்லாத நாள்லகூட வர்றாங்க சுந்தரம். கண்ணப் பத்தி மதுரை மக்களுக்கு என்ன விழிப்புணர்வு!” நான் தலையாட்டினேன். இப்படியே ஏழெட்டு மஞ்சள் காகிதங்களைக் கடந்துவிட்டேன். நல்ல யோசனைதான் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை வெள்ளைச்சாமி என்பவர் வந்தார். கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம், தென்னந்தோப்பு வைத்திருப்பவர். சின்ன வயதில் முள் குத்தி வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் ஓரத்தில் திரை இறங்குகிற மாதிரி தெரிகிறது என்று வந்திருந்தார். விழித்திரை கிழிந்து பிரிய ஆரம்பித்திருந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தி வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் எழுதினார். என் மேஜைக்கு வந்ததும் அவர் சொன்னார்:

“சார், செவ்வா சாயந்தரம் எங்க ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. கட்டிட்டாகன்னா எட்டு நாளைக்கு ஊரு எல்லையத் தாண்டி ராத் தங்கக் கூடாது. அதுனால செவ்வா மத்தியானமே நானும் எம் பொஞ்சாதியும் கெளம்பி வந்து ஆரப்பாளையத்துல ரூம் போட்டுர்றோம். காப்புக்கு முந்தியே வெளியேறிட்டா குத்தமில்ல.”

அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மேஜையில் மஞ்சள் காகிதம். வியாழக்கிழமை விழித்திரை ஆபரேஷன்கள் எல்லாம் இரண்டு நாள் ‘மூவ்டு ஃபார்வர்டு’. கீழே ஒரு தேங்க்யூ. டாக்டர் சென்னைக்குப் போயிருந்தார். திங்கள் ராத்திரிதான் வருவார். அவருடைய போன் நம்பர் என் கையில் இருந்தது. அதைத்தான் இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நம்பரைப் பார்த்தேன், எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். பிறகு நோயாளிகள் நான்கு பேருக்கும் வழக்கம்போல் போன் போட்டேன்.

“செவ்வாயும் வாங்க, சனியும் வாங்கண்ணே.”

“ரெண்டு நாளுமா சார்?” என்றார் வெள்ளைச்சாமி.

“ஆமாண்ணே.”

“அப்பச் சரி சார், ரொம்பச் சந்தோசம்.”

ஆபரேஷனுக்கு வருகிறவர் எதற்குச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு லேசாக உறுத்தியது. அதையும் நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் பச்சை உடையோடு வந்து நின்றார். ஆக, செவ்வாய்தான். மூன்று பேர் வந்திருந்தார்கள். “வெள்ளைச்சாமி எங்க? அவருக்காகத்தானே ஆபரேஷன் நாளையே மாத்தினேன்?” என்றார். போன் போட்டேன். அவருடைய மனைவி எடுத்தார். பின்னால் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது.

“அவுக கோயில்ல பந்தல் போடுறாக சார். நாங்க காப்பு அவுத்து, எட்டு நாள் கழிச்சு வாரோம்.”

“ஏம்மா, வரச் சொன்னேனே?”

“நீங்கதான சார் ரெண்டு தேதி சொன்னீக? அவசரம்னா ஒரே தேதியில்ல சொல்லுவாக. ரெண்டு சொல்றாகன்னா, நம்ம தோதுக்குப் பாத்துக்கலாம் போலன்னு அவுக நெனச்சாக. திருநாளப் பாத்துட்டே வந்துரலாம்னு முடிவு பண்ணிட்டாக.”

நான் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தேதி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. “சுந்தரம், அவருக்குப் பார்வை இருக்கிற நடுப்பகுதி இன்னைக்கு ஒட்டியிருக்கு. அது பிரிஞ்சிட்டா நான் எவ்வளவு ஒட்டினாலும் பழைய பார்வை வராது. எட்டு நாள் நிச்சயம் தாங்காது. அவருக்கு இருக்கிறது ஒரு கண்ணு. சாயந்தரம் வரைக்கும் தியேட்டர நான் மூட மாட்டேன்” என்றார்.

ஜாபர் பாய் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. “மாப்ள, முகாம் வண்டி சும்மாத்தான் நிக்குது. ஏறு” என்றார்.

முகாம் வண்டி என்பது கிராமங்களுக்குக் கண் பரிசோதனைக்குப் போகிற வேன். மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர். மேலூர் தாண்டும் வரை, அங்கே போய் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கொட்டாம்பட்டி வந்ததும் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது.

டிரைவர் பழக்கதோஷத்தில் ஊர் எல்லையில் நுழைந்ததுமே சுவிட்சைத் தட்டிவிட்டார். “அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! உங்கள் ஊருக்கே தேடி வருகிறது இலவசக் கண் சிகிச்சை முகாம்!” என்று ஸ்பீக்கர் முழங்கியது. கோயில் ஸ்பீக்கர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பந்தல்கால் நட்டிருந்த தெருவில் வேன் மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் வேனுக்கு வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துத் தன் கண்ணிமையைத் தானே இழுத்துக் காட்டினார்.

“நா முகாமுக்கு வரலம்மா…”

“பின்ன எதுக்குக் கத்துற? பாத்துட்டுப் போ.”

அந்தக் கூட்டத்துக்கு அப்பால், பந்தல் ஏணிமேல் வெள்ளைச்சாமி ஓலை கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டிரைவர் ரெக்கார்டை நிறுத்தி, மைக்கை எடுத்து என் கையில் திணித்தார். அத்தனை வருடத்தில் நான் அந்த மைக்கைத் தொட்டதில்லை. கோயில் ஸ்பீக்கரும் அந்த நேரம் பார்த்து நின்றுபோனது. ஊரே என்னைப் பார்த்தது.

“வெள்ளைச்சாமி அண்ணே,” என்றேன். இரண்டு குழாயிலும் அது எதிரொலித்தது. “ரெண்டு தேதி கெடையாதுண்ணே. ஒரே தேதிதான். அது இன்னைக்குத்தான். டாக்டர் எழுதுனது எனக்குப் புரியல. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் ரெண்டு நாளும் வரச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. இன்னைக்கு விட்டா இருக்கிற கண்ணும் போயிரும்ணே. எறங்கி வாங்க.”

சொல்லி முடித்ததும் வேனுக்குள் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. வழியில் பாட்டி நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளைச்சாமி ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். ஆனால் வேனுக்கு வரவில்லை. ஊர்ப் பெரியவர் முன்னால் போய் நின்றார். “பந்தல் வேலைய ஏத்துக்கிட்டு, காப்புக் கட்டுற நேரத்துல ஊர்ல இல்லாம எப்படிய்யா போறது?” என்று கேட்டார். அந்தப் பெரியவர் வெயிலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“கட்டுனப்புறம் போனாத்தான்யா குத்தம். இன்னும் அஞ்சு மணி நேரம் கெடக்கு. அதுக்குள்ள எல்லையத் தாண்டிரு. ஆத்தாவுக்கு நாங்க சொல்லிக்கிறோம். நீ திரும்பி வந்து அவளக் கண்ணால பாக்க வேணாமா? ஏறு.” பிறகு என் பக்கம் கையை நீட்டினார். “அப்படியே இந்த சாரோட கண்ணையும் டாக்டர்ட்டக் காட்டச் சொல்லு. ஒரு தேதி ரெண்டாத் தெரியுதாமுல்ல.”

ஊரே சிரித்தது. அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்து நான் சாகாமல் இருந்தது அன்றுதான். வரிசையில் நின்றவர்கள் மட்டும் லேசில் விடவில்லை. திருவிழா முடிந்த பின் நிஜமாகவே முகாம் போடுவதாகச் சத்தியம் செய்த பிறகுதான் வேன் நகர்ந்தது.

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தோம். ஆபரேஷன் முடிய ஆறரை ஆனது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்ததால் வெள்ளைச்சாமி நாள் முழுக்கக் குப்புறத்தான் படுக்க வேண்டும். எட்டு நாளும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு ஊர்க் கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். வார்டில் இருந்த மற்ற மூன்று பேரும் அந்தத் திருவிழாவைச் சேர்ந்து கேட்டார்கள். ஒன்பதாம் நாள் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒட்டிடுச்சு” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு உடனே புரிந்தது.

அன்று மாலை அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏழெட்டு மஞ்சள் காகிதங்களையும், இரண்டு நாள் வரச் சொன்னதையும், மதுரை மக்களின் விழிப்புணர்வு எங்கிருந்து வந்தது என்பதையும். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிக மெதுவாக, “இங்கிலாந்துல எனக்கு முதல் வருஷம், மீட்டிங் ஃபார்வர்டு ஆயிடுச்சுன்னு சொல்லுவாங்க” என்றார். “எந்தப் பக்கம்னு எனக்கும் புரியாது. கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு…”

“என்ன செஞ்சீங்க சார்?”

வாழ்க்கையில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“ரெண்டு நாளும் போனேன்” என்றார்.

மறுநாளே மஞ்சள் காகிதக் கட்டைத் தூக்கி ஜாபர் பாயிடம் கொடுத்துவிட்டார். கீழப்பாலத்து அரிசிக் கடையில் கொடுத்த பெரிய எழுத்து மாதக் காலண்டரை நான் என் மேஜைக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதிலிருந்து டாக்டர் ஒரு நாளை மாற்ற வேண்டுமென்றால் நேரே வருவார். ஒரு விரலைப் பழைய தேதியில் வைப்பார், இன்னொரு விரலைப் புதிய தேதியில் வைப்பார். வாயைத் திறக்க மாட்டார். நானும் என் விரலை அங்கே வைத்துக் காட்டுவேன். அவர் ஒரு ப்ளீஸ், ஒரு தேங்க்யூ சொல்லிவிட்டுப் போவார். நான் ஓய்வு பெறும் வரை ஒரு தேதிகூடத் தப்பவில்லை. நித்யா, அந்தக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். திரும்ப மாட்டிவிடம்மா. சோழவந்தான் அம்மாவுக்கும் நீயே ஒரு போன் போட்டுத் தேதியைச் சொல்லிவிடு.

வெள்ளைச்சாமி வருடாவருடம் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிடுவார். நான் போவேன், அந்தப் பாட்டிக்குத் தெரியாமல்தான் ஊருக்குள் நுழைவேன். இந்த வருடமும் போன மாதம் போன் செய்தார்.

“சார், இந்த வருசம் காப்புக் கட்டு நாளை மாத்திட்டாக.”

எழுந்து நின்றுவிட்டேன். “எந்தப் பக்கம்ணே?”

“அதெல்லாம் வாயால சொல்ல மாட்டேன்” என்றார் வெள்ளைச்சாமி. “காலண்டர் பக்கத்துல இருக்கா? வெரல வைங்க, சொல்றேன்.”